சபாபதி சாருக்கு வாசித்த சாரங்கி

நான் வேலை பார்த்த தொலைக்காட்சி நிலையத்தில் பின்னணி இசை சேர்ப்பதற்கென்று இப்போது தனி ஆள் கிடையாது. கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருக்கிறதாம். மகிழ்ச்சி, சோகம், பக்தி, பண்டிகை என்று வரிசையாக வரும். வேண்டியதைத் தட்டினால் நிமிடக் கணக்குக்குச் சரியாக அதுவே வெட்டிக் கொடுத்துவிடும். போன மாதம் அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் ஹைதராபாத் உப்பலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னார்கள். நிலையத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம். "ஆன்ட்டி, உங்க டைம்ல மூடு எப்படி செலக்ட் பண்ணுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

மூடாவது ஒன்றாவது. நாங்கள் நிமிடத்தைத்தான் பார்த்தோம். அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு சின்னப் புத்தகம் எழுதி அச்சடித்துவிட்டேன், தமிழில். புத்தகக் கண்காட்சியில் தெரிந்தவர் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து அதை விற்கிறேன். ஹைதராபாத்தில் தமிழ்ப் புத்தகத்தை விற்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். வருகிறவர்கள் கையில் எடுக்கிறார்கள், "அரே, தமிழா" என்கிறார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொஞ்சிவிட்டு அதன் அம்மாவிடம் கொடுப்பதுபோல் என்னிடமே பத்திரமாகத் திருப்பித் தருகிறார்கள். பக்கத்துக் கடையில் சமையல் புத்தகம் பிய்த்துக்கொண்டு போகிறது. அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்கு சபாபதி சாரின் நினைவு வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் பெயிண்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மெட்டுகுடாவில் வீடு. தெலுங்கு மீடியத்தில் படித்தேன், வீணையில் டிப்ளமா வாங்கினேன், நிலையத்தில் இசைப் பிரிவில் உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் ஸ்பூல் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டப் பழகினேன். டேப்பைவிட என் விரல்தான் அதிகம் வெட்டுப்பட்டது.

இசை லைப்ரரியில் இரண்டு பீரோக்கள் இருந்தன. இடது பக்கத்து பீரோ எப்போதும் திறந்திருக்கும். விவசாய நிகழ்ச்சிக்கு, குழந்தைகள் நிகழ்ச்சிக்கு, நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டால் இடத்தை நிரப்புவதற்கு என்று அதில் நூற்றுக்கணக்கான டேப்புகள். வலது பக்கத்து பீரோ பூட்டியிருக்கும். அதில் மொத்தமே பதினோரு டேப்புகள்தான். பெரிய தலைவர்கள் யாராவது காலமானால், வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, படத்தைக் காட்டி அவற்றைத்தான் ஒலிபரப்புவோம். சாரங்கி, ஷெனாய், வயலின். அந்தக் காலத்தில் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்: டிவியில் அசையாத ஒரு போட்டோ, பின்னால் மெதுவாக சாரங்கி என்றால் யாரோ போய்விட்டார்கள். பெயர் கேட்கும் முன்பே பெண்கள் "அய்யோ" என்று சொல்லிவிடுவார்கள்.

வலது பீரோவின் சாவி மூர்த்தி சாரிடம் இருக்கும். அவர் எங்கள் இசைப் பிரிவின் தலைவர். தெலுங்குக்காரர், மதராஸில் படித்தவர், என்னிடம் நல்ல தமிழில் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதற்கும் ஒரு குறிப்பு எழுதுவார், அதில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கோப்பில் வைத்த பிறகுதான் அடுத்த மூச்சு விடுவார். ஃபேன் சத்தம் போடுகிறது என்பதற்குக்கூட குறிப்பு உண்டு. தலைவர் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டால் போதும், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, வலது பீரோவைத் திறந்து, தேவைப்படும் டேப்பை ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பார். டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் மானம் போய்விடுமே. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பூட்டி, "அவர் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். மனப்பூர்வமாகத்தான் சொல்வார்.

சபாபதி சாரும் அப்பா வேலை பார்த்த அதே பட்டறையில் ஃபிட்டர். கதை எழுதுகிறவர். பன்னிரண்டு கதைகளை மதராஸில் அச்சடித்து, ஐந்நூறு பிரதிகளை ரயிலில் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தார். சாயங்காலம் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்போது, சைக்கிள் ஹேண்டிலில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். தமிழ் தெரிந்தவர்களிடம் ஒரு பிரதியை நீட்டுவார். வாங்குகிறவர்கள் அவர் முகத்துக்காக வாங்குவார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பெரியவர்களுக்கு நேரம் கிடையாது. பாதிப் பேருக்கு அவரே சும்மா கொடுத்துவிட்டார்.

எனக்கு அவர்மேல் ஒரு பரிவு. எங்கள் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதிய புத்தகங்களைப் பற்றித் தெலுங்கில் ஒரு நிகழ்ச்சி வரும். அதன் கடைசி மூன்று நிமிடத்தில் அவர் புத்தகத்தைச் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று பொறுப்பாளரைப் பிடித்து அரித்து எடுத்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்குக் கேமரா வண்டி ஒரு திறப்பு விழாவுக்குப் போய்விட்டது. சபாபதி சாரைப் படம்பிடிக்க முடியவில்லை. அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் இருந்தது. சரி, அதையே பெரிதாகக் காட்டுவோம், பின்னால் இசை போடுவோம் என்று முடிவானது. இசை என் பொறுப்பு.

அந்த வாரம் ஒரு பெரிய தலைவர் ஆஸ்பத்திரியில் இருந்து, பிழைத்து, வீட்டுக்கும் போய்விட்டார். மூர்த்தி சார் ஓடவிட்டுப் பார்த்த டேப் இயந்திரத்திலேயே இருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். சாரங்கி. பாட்டு இல்லை, பேச்சுக் குரலை மறைக்காது, மூன்று நிமிடம் பத்து நொடியில் சுத்தமாக முடிகிறது. இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? இரண்டு வருடம் அந்த அறையில் இருந்துவிட்டால் காதில் துக்கமும் விழாது, சந்தோஷமும் விழாது. நீளம்தான் விழும். நானும் நீளத்தைக் கேட்டேன். திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது மூர்த்தி சார் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்று நான் பார்த்ததே குறைவு.

"ராஜேஸ்வரி, நேத்து அந்த எழுத்தாளர் வீட்டுக்கு எத்தனை பேர் மாலை வாங்கிட்டுப் போனாங்க தெரியுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் டேப்பை ஓடவிட்டார். நாலு நொடி கேட்டேன். வலது பீரோ சாரங்கி.

பட்டறை யூனியன் ஆள் ஒருவர் காலையிலேயே நிலையத்துக்குப் போன் செய்து கத்தியிருந்தார். சபாபதி செத்துப்போனதாகச் சொன்னீர்களே, அவர் உயிரோடு இருக்கிறார் என்று உடனே அறிவிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மூர்த்தி சார் எழுத்துப் பிரதியை வரவழைத்து மூன்று முறை படித்தார்.

"இதுல எங்கயும் செத்துட்டார்னு நாம சொல்லலை. 'எளிய மனிதர்'னு சொல்லியிருக்கோம். 'நம் நடுவே வாழ்ந்தபடி எழுதியவர்'னு சொல்லியிருக்கோம். தப்புன்னா ஒரு வாக்கியம் இருக்கணும் இல்லியா அம்மா? சொல்லாத வாக்கியத்துக்கு எப்படி வருத்தம் தெரிவிக்கிறது?"

"நான்தானே சார் டேப் எடுத்தேன். என் பேர்ல எழுதுங்க."

"நீங்க எடுத்தீங்க. வெளியில விட்டது யாரு? பீரோ என்னோடது."

பிறகு அவர் செய்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. இசைப் பிரிவின் தலைவர் என்ற முறையில், சாவிக்குப் பொறுப்பானவரிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு எழுதினார். அதைத் தன் மேஜையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு நகர்த்தினார். சாவிக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் தவறை ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். பதிலைப் படித்துப் பார்த்து, "விளக்கம் திருப்தியாக இல்லை, எச்சரிக்கப்படுகிறது" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிரிக்கவே இல்லை. கோப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த செவ்வாய் அவரைக் கூட்டிட்டு வாங்க. நாலு நிமிஷம், நேரடி ஒளிபரப்பு. அவரே பேசட்டும், அவரே படிக்கட்டும். ஒரு மனுஷன் உயிரோட இருக்கார்னு காட்ட எனக்கு வேற வழி தெரியலை."

அன்று மதியமே பஸ் ஏறி லாலாகுடா போனேன். சபாபதி சார் வீட்டில் கதவைத் திறந்தது அவர் மனைவி கமலா அக்கா. நான் யார் என்று சொன்னேன்.

"நீதானா அது?" என்றார். "எங்க வீட்ல டிவி இல்ல. நான் அரிசி களைஞ்சிட்டு இருந்தேன். திடுதிப்புனு நாப்பது பேரு உள்ள வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழுவுறாங்க. மனுஷன் சைக்கிள்ல மார்க்கெட்டு போயிருக்காரு. வழியில என்ன ஆச்சோ, எந்த லாரியோன்னு அரை மணி நேரம் நான் செத்துப் பொழைச்சேன். கைக்கு, எதுக்கு இந்த வேலை உனக்கு?"

நான் அழுதுவிட்டேன். அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் அழுதேன். அவர் கதவை விட்டு விலகி, "சரி, உள்ள வா. டீ குடி" என்றார்.

சபாபதி சார் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த புத்தகங்களை வெளியே இழுத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ரத்திக்காரன் வருவான். பழைய பேப்பரோட போட்டுடலாம்னு. கட்டிலுக்கு அடியில கூட்டிப் பெருக்க முடியலைன்னு இவ வருஷமா சொல்லிட்டு இருக்கா."

நான் எவ்வளவோ மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்தார்.

"அதுக்கு இல்லம்மா. நான் மார்க்கெட்லேர்ந்து வர்றேன், எங்க வீட்டு வரிசையில ஒரே கூட்டம். பக்கத்து வீட்டுப் பெரியவர் போயிட்டார்னு நெனைச்சு, சைக்கிளை நிறுத்திட்டுப் பின்னாடி நின்னேன். இருட்டற நேரம், யாரும் பார்க்கலை. பேசிக்கிட்டாங்க. சபாபதி எங்க ஃபேனைச் சரி பண்ணிக் கொடுத்தாரு. சபாபதி என் பையனுக்கு ஸ்கூல் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தாரு. லக்ஷ்மம்மா, பின் வரிசையில இருக்காங்களே, தையல் மெஷினை அவர்தான் ஓட வெச்சாருன்னு சொல்லித் தேம்பித் தேம்பி அழுவறாங்க. அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது, செத்தது நான்தான்னு."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"நின்னு முழுசாக் கேட்டேம்மா. நாப்பது பேரு. அதுல பத்துப் பேருக்காவது புஸ்தகம் கொடுத்திருக்கேன். கதைன்னு ஒரு வார்த்தை ஒருத்தர் வாயில வரலை. இருபது வருஷம் எழுதினதுக்கு இதுதான் கணக்குன்னா, ஃபேன் ரிப்பேரே பண்ணிட்டுப் போறேன். எழுதறது இனிமே நக்கோ, வேணாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க படிச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. "இல்ல சார். பின் அட்டையைத்தான் படிச்சேன். நிகழ்ச்சிக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்."

அவர் சிரித்தார். புத்தகக் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி என்னிடம் கொடுத்தார். "ரத்திக்குப் போறதுல ஒண்ணு குறைஞ்சா தப்பில்ல" என்றார்.

எனக்குத் தமிழ் எழுத்து அப்பா சொல்லிக்கொடுத்து வந்தது. ஒரு பக்கம் படிப்பதற்குள் பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டிவிடும். ஆனாலும் படித்தேன். பஸ்ஸில், கேன்டீனில், டேப் பின்னோக்கிச் சுற்றும் நேரத்தில். முதல் இரண்டு கதைகள் சுமார். அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது கதை என்னைப் பிடித்துக்கொண்டது. கிரேன் ஓட்டும் ஒருவரின் மனைவி, நாற்பது வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் சைக்கிள் கற்றுக்கொள்கிறாள். விழுகிறாள், எழுகிறாள், கடைக்குப் போகும் அளவுக்குப் பழகிவிடுகிறாள். பிறகு பெரிய வகுப்புக்குப் போன மகன், "நண்பர்கள் சிரிக்கிறார்கள், ஓட்டாதே" என்கிறான். அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நடக்க ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான் கதை.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சனிக்கிழமை மறுபடி லாலாகுடாவில் இறங்கினேன். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்பது மறந்தேபோயிற்று.

"ஏன் சார் அவளை நிறுத்த வெச்சீங்க? அவ்வளவு அடி பட்டுக் கத்துக்கிட்டவ, பையன் ஒரு வார்த்தை சொன்னதும் விட்டுடுவாளா?"

"விட்டுட்டாளேம்மா. நான் என்ன பண்றது?"

"நீங்கதானே எழுதினீங்க."

"பார்த்ததைத்தான் எழுதினேன். ஊர்ல நடக்கறது அதுதான்."

"எனக்குப் பிடிக்கலை. உங்களுக்கு அவமேல இரக்கம் இருக்கு, நம்பிக்கை இல்ல."

சமையலறையிலிருந்து கமலா அக்காவின் குரல் வந்தது. "நல்லாக் கேளு. இவர் கதையில பொம்பளைங்க எல்லாம் கடைசியில நடந்தே போவாங்க."

சபாபதி சார் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார். மனைவி படித்திருக்கிறார் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. அரை மணி நேரம் எங்கள் இரண்டு பேரிடமும் வாதாடினார். விட்டுக்கொடுக்கவில்லை. முகத்தில் மட்டும் ஏதோ ஒரு வெளிச்சம் வந்திருந்தது. நான் கிளம்பும்போது சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை வர்றேன். அந்தக் கதையையே படிக்கிறேன். ரத்திக்காரனை ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்றேன். எழுதறது வேற விஷயம், அதுல மாத்தம் இல்ல. அப்புறம், பின்னாடி எந்த மியூசிக்கும் வேணாம்."

மூர்த்தி சார் இதற்கும் ஒரு குறிப்பு எழுதினார். "நான்கு நிமிடங்களுக்கு இசை இல்லை. காரணம்: எழுத்தாளர் உயிருடன் இருக்கிறார்." தலைப்பு இசையைக்கூட எடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி தொடங்கியதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சவுண்டு போய்விட்டதா என்று பதறிப்போய்க் கேட்டார்கள். சபாபதி சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து, பட்டறையில் கருத்துப்போன விரலை வரியின் கீழே நகர்த்தி நகர்த்தி, கதையின் கடைசிப் பகுதியைத் தமிழில் படித்தார். நிகழ்ச்சி நடத்துகிறவர் அதைத் தெலுங்கில் சொன்னார். வேறு எந்தச் சத்தமும் இல்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் எதுவும் செய்யாமல் இருந்த நல்ல நிகழ்ச்சி அது.

வாங்கிய போட்டோவை உரியவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது நிலையத்து விதி. அதற்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். புத்தகக் கட்டுகள் வாசலுக்குப் பக்கத்தில் வந்திருந்தன. ரத்திக்காரன் வர வேண்டிய நேரம். சபாபதி சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். போட்டோவை வாங்கிப் பார்த்து, "இதுல நான் செத்தவன் மாதிரிதான் இருக்கேன்" என்றார். சிரிக்க முயன்றார். எனக்கு மனசே சரியில்லை.

அப்போது வெளியே ஒரு சைக்கிள் வந்து நின்றது. இறங்கியது ஒரு பெண்மணி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், ஹேண்டிலில் காய்கறிப் பை.

"யாரு, லக்ஷ்மம்மாவா, வாங்க" என்று எழுந்தார் கமலா அக்கா.

லக்ஷ்மம்மா உட்காரவில்லை. தெலுங்கு கலந்த தமிழில் நேராக சபாபதி சாரிடம் பேசினார்.

"சபாபதிகாரு, டிவியில நீங்க படிச்சது என் கதைதானே? எங்க வீட்டுக்காரர் கிரேன், எனக்கு ஒரு பையன், நான் சைக்கிள் கத்துக்கிட்டது நம்ம மைதானத்துல. இந்த காலனிலே வேற எவ இருக்கா?"

சபாபதி சார் எழுந்து நின்றுவிட்டார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. பேரு மாத்தித்தான்..."

"பேரைப் பத்தி நான் கேக்கலை. நான் எப்ப நிறுத்தினேன்?"

சபாபதி சார் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார்.

"பையன் சொன்னான், ஹவ், ஆமா, சொன்னான். ஒரு அறை விட்டேன். இப்ப அவனே எனக்குக் காத்து அடிச்சுக் கொடுக்கறான். நான் நிறுத்தினேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைம்மா. ஒரு நாள் நீங்க பையைத் தூக்கிட்டு நடந்து வந்ததைப் பார்த்தேன். தினமும் நடந்தே வந்தீங்க. சைக்கிள் சுவர்ல சாஞ்சு கிடந்தது. அதான்..."

"கால் பிசகிப்போச்சு. மூணு மாசம் கட்டு, நடக்கலாம், பெடல் மிதிக்க முடியாது. அந்த மூணு மாசத்தைப் பார்த்துட்டுக் கதை எழுதிட்டீங்க. நல்லா எழுதறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, தப்பா எழுதியிருக்கீங்களே. எனக்கு ஒரு புஸ்தகம் கொடுங்க. தமிழ் தெரிஞ்ச பொண்ணு பக்கத்துல இருக்கா, படிச்சுச் சொல்லச் சொல்றேன். இன்னும் என்னென்ன தப்பா எழுதி வெச்சிருக்கீங்களோ."

கமலா அக்கா அரிவாள்மனையைக் கொண்டுவந்து கட்டின் கயிற்றை அறுத்தார். சபாபதி சார் அதைக் கவனிக்கவில்லை. அலமாரியில் எதையோ தேடினார். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து, நாற்காலியை லக்ஷ்மம்மா பக்கம் நகர்த்திப் போட்டார். தான் தரையில் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தார்.

"உக்காருங்கம்மா," என்றார். "எந்தக் கால்? இடதா, வலதா?"